அவள் சும்மா இருந்தாள்

என் வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திரமான பாடம் நடத்துகிறார். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, அடிதடி வராமல் மனம்விட்டுப் பேசவைப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். வீட்டில் நான் வாயைத் திறந்தால் மட்டும் போனை எடுத்துக்கொள்வார்.

அந்த வகுப்பில் ஒரு பெண். தட்டு முன்னால் உட்கார்ந்தால் அவள் புராணம்தான். என்னமாகக் காது கொடுத்துக் கேட்கிறாள் தெரியுமா என்பார். கேட்டுக் கேட்டு என் வயிறு எரிந்தது. அவள் அழகி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று அவளுக்குச் செய்முறைத் தேர்வு, அப்படி ஒரு பேச்சை அவளே நடத்திக்காட்ட வேண்டும். மதிப்பெண் போட இன்னொரு ஆசிரியர் வந்திருந்தார். இரண்டு பக்கமும் சரிசமமாக ஆள் வேண்டும். பக்கத்துக்கு ஒருவர் வரவில்லை. நாங்கள் கலப்புக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதே வளாகத்து நூலகத்தில் வேலை பார்க்கும் என்னை என் சமூகத்துப் பக்கத்துக்கு வீட்டுக்காரர் இழுத்துவந்தார், தன் பக்கத்துக்குத் தானே உட்கார்ந்தார். அவள் எங்கள் இருவரையுமே ஜோடி சேர்த்துவிட்டாள்.

ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை பதில் பேசக் கூடாது. அதுதான் விதி.

அவள் திணறுவதைப் பார்க்கிற ஆசையில், வீட்டுச் சண்டையையே எடுத்துப் போட்டேன். "உங்க அக்கா மக கல்யாணத்துக்கு நான் வரல. அந்த வீட்டுச் சமையலறைக்குள்ள என்னை இன்னும் விடமாட்டேங்குறாங்க."

"உனக்கு எங்க அக்காவைப் பிடிக்கல," என்றார்.

"சார், அவங்க அப்படிச் சொல்லல," என்றாள் அவள், மெதுவாக.

கல்யாணத்துக்கு வர எனக்கு இஷ்டமில்லை என்று மாற்றிப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்றவள், அதன்பிறகு சும்மா இருந்தாள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் அப்போதும் சும்மா இருந்தாள்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க அக்கா வீட்டுச் சமையலறைக்குள்ள உன்னை விடமாட்டேங்குறாங்க. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்."

இரண்டாவதை நான் சொல்லவேயில்லை. விதிப்படி அவள் மறித்திருக்க வேண்டும். மதிப்பெண் போனால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதுதான்," என்றேன்.

அழுகை வந்தது, வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. இத்தனை வருஷம் சண்டை போட்டும் நான் வாங்க முடியாத வார்த்தையை, இவள் சும்மா உட்கார்ந்தே வாங்கிவிட்டாளே.