கிழிந்த கவர்

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரை ஐந்தாவது முறையாகச் சொன்னபோது அவளுக்குக் காதோரம் சூடேறியது. அனுமதி கொடுக்கிறவளே அவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பதினொரு கணினிகளையும் எட்டு மாதமாக வீட்டிலிருந்தே பராமரிக்கிறாள். யார் எதைத் திறக்கலாம், கூடாது என்று பூட்டிவைத்தவளும் அவளே. நேற்று மதியம் வரை சொன்னபடி கேட்ட சர்வர், இன்று யாரோ எவளோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேனேஜர் ஒன்பது மணிக்கே போனில் கூப்பிட்டிருந்தார். “பன்னண்டு மணிக்குள்ள நீங்க சர்வருக்குள்ள வர முடியலேன்னா திங்கக்கிழமைலேருந்து ஆபீசுக்கே வந்துடுங்கம்மா. வீட்ல இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வேற வேலை வந்துடுதே உங்களுக்கு.” குரலில் தேன் ஒழுகியது.

அந்த வேற வேலை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப்போன கணவனை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தவறியதில் வந்த புண் ஆற நாற்பது நாள் பிடித்தது. அலுவலகம் போனால் அவனை யார் புரட்டுவார்கள்?

பதினொரு மணிக்குக் காவலாளியைக் கூப்பிட்டாள். சர்வர் அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். “அண்ணே, அலமாரி மேல்தட்டுல ஒரு பழுப்புக் கவர் இருக்கும். ஒட்டின எடத்துல என் கையெழுத்து போட்டிருப்பேன். அதப் பிரிங்க.”

அவசரத்துக்கென்று பாஸ்வேர்டை எழுதி அவளே ஒட்டிய கவர். வீட்டில் பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். மறுமுனையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

“இது ஏற்கெனவே கிழிஞ்சிருக்கேம்மா. கையெழுத்து ரெண்டா போயிருக்கு.”

“யாரு பிரிச்சது?”

“நேத்து சாயந்தரம் மேனேஜர் சார் சாவி கேட்டாரு, குடுத்தேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா.”

கவரிலிருந்த பாஸ்வேர்டைச் சர்வரில் அடிக்கச் சொன்னாள். காவலாளி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அவளுடைய கோப்புறையின் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னாள்.

“ஆர், டபிள்யூ, எக்ஸ். மறுபடி அதேதான். மூணாவதும் அதேதாம்மா.”

எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் திருத்தலாம் என்று அர்த்தம். துழாவிப் பார்க்க வழி தெரியாமல் கதவையே பெயர்த்து வைத்திருக்கிறான் மனுஷன். வீட்டிலிருந்து அவள் நுழைவதற்கான சாவிக் கோப்பும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருந்தது. கண்டவரும் கைவைக்கக்கூடிய சாவியை சர்வர் நம்பாது. அதற்கு இருக்கிற விவஸ்தைகூட மேனேஜருக்கு இல்லை.

கோப்புறையை மறுபடி பூட்ட, அவள் சொல்லச் சொல்லக் காவலாளி இரண்டே வரி அடித்தார். பதினொன்றே முக்காலுக்கு அவள் உள்ளே போனாள். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு, கடைசியாகத் திறக்கப்பட்டது எது என்று தேடினாள். நேற்று மாலை ஐந்து இருபதுக்கு, ‘புரட்டல்’. நேரத்துக்கு எச்சரிக்கை ஒலிக்க அவள் வைத்திருந்த பட்டியல். எட்டு மணி இடது, பத்து மணி மல்லாக்க, பன்னிரண்டு வலது. புண்ணின் அளவு. ஒரு நாளுக்கு எதிரே மட்டும், ‘இன்று அழுதார்.’

அதையும் படித்திருக்கிறான். படித்துவிட்டுத்தான் காலையில் தேன் ஒழுகப் பேசியிருக்கிறான்.

முதலாளிக்கு அனுப்பும் பழுதறிக்கையில் எப்போதும் ‘சிறு கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுவாள். மேனேஜர் அவள் தலையில் மிளகாய் அரைத்த நாட்களில்கூட அப்படித்தான் எழுதினாள். இன்று கிழிந்த கவர், ஐந்து இருபது, திறந்தவர் பதவி, திறந்த கோப்பு என்று நான்கையும் எழுதினாள். காவலாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் அதிர்ந்தது.

“யாரு?” என்றான் கணவன், கூரையைப் பார்த்தபடி.

“மேனேஜர்.”

“எடுக்கலையா?”

“பன்னண்டாச்சு. வலது பக்கம்.”

அவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துப் புரட்டினாள். இப்போது அவன் முகம் மேசைக்கு நேராக இருந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்வதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.