பேரரசனின் இடது செருப்பு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை இன்னொரு உடம்பு உண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டில் அவர் ஒரு கேடயக்காரர். தலை முதல் கால் வரை இரும்பு, இடது கையில் கதவு அளவுக்கு ஒரு கேடயம். அந்த ஆள் நடந்தால், யாரோ பீரோவை மாடிக்கு ஏற்றுகிற மாதிரி இருக்கும். பக்கத்து நாற்காலியில், பக்கத்துக் கம்ப்யூட்டரில், அவர் மனைவி. விளையாட்டில் அவளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை. கையிலிருக்கும் விளக்கை அவள் தரையில் வைத்தால் ஒரு மஞ்சள் வட்டம் விழும். அதற்குள் வந்து நின்றால் காயம் ஆறும்.

இருவரும் நான்கு வருடமாக ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்க வேண்டாம், அந்த உலகத்தில் அது பெரிய விஷயம். பாதாளத்தில் ஒரு பேரரசன் இருக்கிறான். ஏற்கெனவே செத்தவன்தான், இருந்தாலும் போகும்போதெல்லாம் அவனைக் கொல்ல வேண்டும். கொன்றால் ஏதாவது ஒரு பொருளைக் கீழே போடுவான். வலது கால் செருப்பை முதல் மாதமே போட்டுவிட்டான். இடது கால் செருப்பைப் போடவே இல்லை. ஜோடி சேர்ந்தால்தான் மாட்ட முடியும். மாட்டிவிட்டால் அப்புறம் நடையெல்லாம் கிடையாது, ஓட்டம்தான்.

இப்படி ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கொன்று ஒரே பொருளுக்காகக் காத்துக் கிடப்பதற்கு விளையாடுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபார்மிங், அதாவது விவசாயம். விதைப்பதில்லை, களை எடுப்பதில்லை, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதில்லை. அறுவடை மட்டும்தான். உண்மையான விவசாயி யாரும் இதைக் கேள்விப்படாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

அவர்கள் ஆற அமர விவசாயம் பார்த்தவர்கள். ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிடம். முதலில் வாசல், அப்புறம் சதுப்பு நிலம், அப்புறம் மூன்று பாலங்கள், கடைசியில் பேரரசனின் மண்டபம். வழியில் வந்த எலும்புக்கூடுகளை ஒன்று விடாமல் அடிப்பார்கள், கண்ணில் பட்ட பானைகளை எல்லாம் உடைப்பார்கள். சதுப்பில் கால் புதையும். யாரும் வேகமாகப் போக முடியாது. அங்கேதான் பேச்சு.

ஏனென்றால் வாரத்தில் மற்ற ஆறு நாளும் பேச்சு கிடையாது. அவர் காலையில் கடையைத் திறந்தால் இரவுதான் வீடு. அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாற்றி மாற்றி ஷிஃப்ட் பார்ப்பவள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஃப்ரிட்ஜ் கதவுதான் தபால்பெட்டி. 'கேஸ் தீர்ந்துவிட்டது.' 'குழாய்க்காரர் இன்றும் வரவில்லை.' 'உன் அம்மா போன் செய்தார்.' மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சதுப்பு நிலத்தில். இந்த வீட்டிலேயே இருப்பதா, வேறு வீடு பார்ப்பதா என்று முடிவானது அங்கே. குழந்தை விஷயமாக இனி எந்த டாக்டரிடமும் போவதில்லை என்று முடிவானதும் அங்கேதான். தன் அப்பா இறந்து ஒரு மாதம் கழித்து அவர் முதல்முறையாக அழுதது இரண்டாவது பாலத்தில். அப்போது அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, வந்த எலும்புக்கூடுகளை எல்லாம் தனியாகவே சமாளித்தாள்.

அந்த இரண்டு மணி நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. இது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு, பாவம், தெரியவில்லை. அவர் செருப்பு தேடிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் மைத்துனன் வந்து சேர்ந்தான். அவளுடைய தம்பி, மருந்து கம்பெனி பிரதிநிதி, நின்று பேசத் தெரியாதவன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று ஒரு சுற்று முழுவதையும் பார்த்தான். பாக்கெட் காலியான பிறகும் அவர்கள் முதல் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை.

"மாமா, இதுக்குப் பேரு ஃபார்மிங் இல்ல. ஊர்வலம்," என்றான்.

அவன் ஒரு சுற்றை ஐம்பது வினாடியில் முடிப்பானாம். அவர்கள் நான்கு வருடத்தில் கொன்றதை நான்கு வாரத்தில் கொன்றுவிடுவானாம். இந்த இரும்பையும் கேடயத்தையும் சுமந்துகொண்டு இந்தக் காலத்தில் யாரும் பாதாளத்துக்குப் போவதில்லையாம். அக்காக்காரி அவனை வாயை மூடிக்கொண்டு டீயைக் குடிக்கச் சொன்னாள். அவன் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். சொன்னது மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தேழு வயதில் ஒரு மனுஷனுக்கு ரோஷம் வருவதற்கு எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கின்றன. இவருக்கு வந்தது இதற்கு.

மறுநாளே கடையில் வேலையைத் தொடங்கினார். நம் பாத்திரத்துக்கு எதில் எவ்வளவு பலம், என்ன ஆயுதம், என்ன உடுப்பு என்று கூட்டிக் கழித்து அமைப்பதை பில்ட் என்பார்கள். அவருடைய பழைய பில்ட், சாகாமல் இருப்பதற்காகக் கட்டியது. அதைப் பிரித்துப் போட்டு, ஓடுவதற்காகக் கட்ட வேண்டும். லென்ஸ் பவர் எழுதும் சீட்டுகளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கேடயம் போயிற்று. இரும்புக் கவசம் போயிற்று, பதிலுக்கு ஒரு மெல்லிய துணிச்சட்டை வந்தது. சம்மட்டிக்குப் பதிலாக, ஓடிக்கொண்டே எறியும் ஈட்டி. தாங்கும் சக்தியில் இருந்த புள்ளிகளை எல்லாம் உருவிக் காலில் போட்டார். வழியில் எலும்புக்கூடுகளை அடிப்பது ரத்து. பானை உடைப்பது அறவே ரத்து.

அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அவர் மனசு மூன்றாவது பாலத்துக்குப் போய்விடும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்தார். வாத்தியார் கடை வாசலில் இல்லாத படியைத் தாண்டித் தெருவில் உட்கார்ந்தார்.

இரவில் வீட்டுக்கு வந்து தனியாக ஓடிப் பார்த்தார். புதிய பில்ட் பறந்தது. பதினைந்து நிமிடம் நான்கு நிமிடமாயிற்று, பிறகு இரண்டாயிற்று. ஒரே ஒரு குறை, காகிதம் மாதிரி இருந்தார். எவன் உரசினாலும் செத்தார். அதற்கும் ஒரு கணக்குப் போட்டார். செத்தால் விட்ட இடத்திலிருந்து எழுந்து ஓட நான்கு வினாடி ஆகிறது. மனைவியின் மஞ்சள் வட்டத்துக்குள் நின்று காயத்தை ஆற்றிக்கொள்ள ஏழு வினாடி ஆகிறது. ஆக, அவளிடம் வந்து நிற்பதைவிடச் சாவது மூன்று வினாடி லாபம். சீட்டில் இதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவர் பெருமைப்பட்டார்.

இன்னும் பத்துப் புள்ளிகள் மிச்சம் இருந்தன. அவை 'அரண்' என்ற திறமையில் கிடந்தன. கேடயக்காரர்களுக்கு மட்டும் உள்ள திறமை அது. துணைக்கு விழும் அடியில் பாதியைத் தான் வாங்கிக்கொள்வது. விளையாடத் தொடங்கிய முதல் வாரமே அவர் அதை எடுத்திருந்தார். இப்போது அதையும் உருவிக் காலில் போட்டார். 'நிச்சயமாகத்தானா' என்று விளையாட்டு ஒருமுறை கேட்டிருக்கும். ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு தடவையும் ஒரு வினாடி வீணாகிறதென்று, எல்லாவற்றுக்கும் தானாகவே 'ஆம்' விழும்படி முன்பே மாற்றி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு செய்தி இருந்தது. 'உங்கள் காவலர் உங்களைக் காக்கும் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.' அதன் கீழே ஒரே ஒரு பொத்தான், 'சரி'. வேறு பொத்தான் இருக்கிறதா என்று அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதை அழுத்தினாள்.

அவர் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. தலைகால் புரியாமல் புதிய பில்டை விளக்கிக்கொண்டிருந்தார். நான்கு வினாடி, ஏழு வினாடிக் கணக்கை இரண்டு தடவை விளக்கினார், அவளுக்கு முதல் தடவை புரியவில்லையோ என்று.

"அப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே செய்ய வேணாம். ரெண்டு பேர் கூட்டா இருந்தாத்தான் நல்ல பொருள் விழும். அதனால நீ வாசல்ல சும்மா நின்னா போதும்."

"நின்னா போதும்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

நியாயமான கேள்வி. ஆனால் கேட்டு முடிப்பதற்குள் அவர் முதல் பாலத்தில் இருந்தார். சதுப்பு நிலம் ஒன்பது வினாடியில் முடிந்துபோயிற்று. அடுத்த சுற்றில் அங்கே வந்ததும் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி. சதுப்பில் பேசினால் கை தப்புகிறது, எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பேசலாம் என்றார். அவளுடைய விளக்குக்காரி வாசலில் ஒப்புக்குச் சப்பாணியாக நின்றாள். மனைவி எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அவள் கம்ப்யூட்டரைப் போட்டு, விளக்குக்காரியை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று அவர் பார்க்கவில்லை. அன்று நேரம் ஐம்பத்தொரு வினாடிக்கு வந்திருந்தது. மைத்துனனைத் தோற்கடிக்க இரண்டே வினாடி பாக்கி. அந்த இரண்டு வினாடிக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தேடினார். விட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, பேரரசன் இடது கால் செருப்பைப் போட்டான்.

கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவளைக் கூப்பிட்டார். அவள் உள்ளறையிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தாள், தோளில் பை. திரையைக் குனிந்து பார்த்தாள்.

"கெடச்சிடுச்சு. சந்தோஷம்," என்றாள்.

அவள் எங்கே கிளம்புகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்றார். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னாள். இந்த வாரத்துக்கு மட்டுமல்ல, இனிமேல் எப்போதுமே. மேற்பார்வையாளர் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். வீட்டில் முக்கியமான வேலை இருக்கிறது, வர முடியாது என்று அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். இந்த வாரம் அவளாகவே போய்க் கேட்டதும், அவர் என்ன ஏது என்றுகூட விசாரிக்கவில்லையாம்.

அவர் வாயைத் திறந்தார். அவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள், கோபமில்லாமல், ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கிற குரலில்.

"அது ஏற்கெனவே ஒரு தடவை விழுந்துச்சு. ரெண்டு வருஷம் இருக்கும். நீங்க அந்தக் கோடியில பானை உடைச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் எடுத்துக்கிட்டு வந்து, திரும்பற வழியில சதுப்புல போட்டுட்டேன்."

அவர் திரும்பித் திரையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"கெடச்சிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்போம்," என்றாள். பையைச் சரிசெய்துகொண்டு கதவுப் பிடியில் கை வைத்தாள்.

இந்த இடத்தில் கேட்பதற்கு அவருக்கு உலகத்தில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. 'போகாதே' என்று கேள்வியே இல்லாமல்கூட ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு உள்ளே அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மூன்று வாரமாக வேகத்துக்கு மட்டுமே பழகிய மூளை முந்திக்கொண்டது. அந்தச் செருப்பு விழும்போதெல்லாம் ஒரே மாதிரி விழாது. அதிலுள்ள வேகம் பதினாறாகவும் இருக்கலாம், அதிகபட்சம் இருபத்துநாலாகவும் இருக்கலாம். இன்று திரையில் மின்னிக்கொண்டிருந்ததில் பதினேழு என்று போட்டிருந்தது.

"அதுல எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார்.

கேட்டது காதில் விழுந்ததும் அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் திரும்பி அவரை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள். அந்த மூன்று வாரத்தில் அவ்வளவு நேரம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இருபத்திநாலு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.