ஐந்தாவது நிரல்

“எழுபத்தெட்டுச் சீட்டில இது ஒண்டை மட்டும் என்னத்துக்கு எடுத்து வச்சிரிக்கிங்க?”

“இதில வீடு இரிக்கு.”

“வீடில்லாத ஆள் மாதிரிக் கதைக்கிறிங்க.”

அன்றைக்கு மதுரனும் சேர்ந்துதான் சிரித்தான். எட்டு வருடத்துக்கு முந்தி, கலியாணம் முடித்த அடுத்த வருடம், களுதாவளை வீட்டின் முன் அறையில் நடந்த பேச்சு அது. பாசிக்குடாவில் அவன் வேலை செய்யும் ஹோட்டலில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அறையில் ஒரு சீட்டுக்கட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். காசு வைத்து விளையாடும் சீட்டு இல்லை. பலன் பார்க்கிற டாரட் சீட்டு. கண்டெடுத்த சாமானை ஹோட்டலில் ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள். கேட்டு யாரும் வராவிட்டால் எடுத்தவனுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படி அவன் கைக்கு வந்த சீட்டுக்கட்டில் ஒரேயொரு சீட்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை வரவேற்பறை மேசையில் வைத்துவிட்டதாகச் சொன்னான்.

அந்தப் பேச்சை அவன் மனைவி கஜானி அன்றைக்கே மறந்துபோனாள். அது திரும்ப ஞாபகம் வந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அலுமாரிக்கு மேலே கிடந்த மதுரனின் பெரிய பயணப்பையை வெயிலில் காயவைக்க இறக்கியபோதுதான்.

மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு வருட வேலைக்கு அவனைக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் பேத்திக்கு மேல்மாடி கட்டிவிடலாம் என்பது கஜானியின் அம்மா சீதேவிப்பிள்ளையின் விருப்பம். மகளுக்கு ஏழு வயதுதான். ஆனாலும் மட்டக்களப்புப் பக்கம் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டு யோசனையும் கூடவே பிறந்துவிடும். கஜானிக்கும் அது சரியாகத்தான் பட்டது. மதுரன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அவன் எதற்கும் அப்படித்தானே என்று அவள் பையை இறக்கினாள்.

உதறியதும் ஒரு தபாலுறை விழுந்தது. உள்ளே நான்கு சீட்டுகள்.

ஒன்றைத்தான் அவளுக்குத் தெரியும். மற்ற மூன்றும் வேறு வேறு அளவு, வேறு வேறு கட்டு. நான்கிலும் நான்கு தடிகள் இருந்தன.

சத்தம் கேட்டு சீதேவிப்பிள்ளை பின்னால் இருந்து வந்தாள். கஜானியின் கலியாணத்தோடு பெரிய வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் கட்டிய ஒற்றை அறைக்கு மாறியவள் அவள். மாறினாலும் கண் இங்கேதான். ஒரு சீட்டை எடுத்து யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

“நாலு தடி நட்டு மாலை கட்டியிரிக்கு. இது கலியாணப் பந்தல் கா.”

“சும்மா இரிங்கம்மா.”

“கிழமைக்கு ஒருநாள் வீட்ட வாற ஆம்பிள. பந்தல் படத்தப் பைக்குள்ள ஒளிச்சு வச்சிரிக்கான். அங்க ஆரோ இரிக்காள்.”

அம்மாவை அறையைவிட்டு அனுப்பிவிட்டு, கஜானி சீட்டுகளைக் கட்டிலில் வரிசையாக வைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவளுக்கு எதுவும் விளங்கும். மனதுக்குள் அம்மாவின் பேச்சு கொழுக்கி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. பெண் எங்கே என்றுதான் முதலில் தேடினாள்.

முதலாவது, அவளுக்குத் தெரிந்த சீட்டு. மஞ்சள் வானம், நான்கு தடிகளுக்கு இடையே பூமாலை, பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேர். வடிவாகப் பார்த்தால் இரண்டு பேருமே பெண்கள் மாதிரி இருந்தார்கள். பின்னால் ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால், எட்டாத தூரத்தில் கோட்டை மாதிரி ஒரு வீடு. இரண்டாவது பழைய காலத்துக் கட்டு போல. தடிகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன, மேலும் கீழும் பூ. ஆளும் இல்லை, வீடும் இல்லை. மூன்றாவதில் ஓலைக் குடிசை ஒன்றின் வாசலில் புருசனும் பெண்சாதியும் கைகோத்து ஆடினார்கள். காலடியில் ஒரு நாய். நான்காவதைப் பார்க்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது. அதில் வீடு தெரியவேயில்லை. ஏனென்றால் படமே வீட்டுக்குள் இருந்து வரையப்பட்டிருந்தது. நான்கு தடிகளும் வீட்டின் தூண்கள். திறந்த கதவுக்கு வெளியே வயல். பார்க்கிறவர் உள்ளே இருக்கிறார்.

கள்ளப் பெண் யாரும் இல்லை. கஜானிக்குச் சிரிப்புக்கூட வந்தது. சீட்டுகளைத் திருப்பி உறைக்குள் போடப் போனபோதுதான் உள்ளே ஒரு தாள் மடிந்திருந்ததைக் கண்டாள்.

ஹோட்டலில் அறை துப்புரவு சரியா என்று பார்த்துக் குறிக்கும் படிவம் அது. மதுரன் அந்த வேலைக்கு சுப்பவைசர். ஒருநாளைக்கு இருபது முப்பது படிவம் நிரப்புவான். அறை இலக்கம் போடும் இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு சீட்டுக்கும் மேலிருந்து கீழாக ஒரு நிரல் போட்டிருந்தான். இடப்பக்கம் அச்சில் இருந்த ஆங்கிலத்தை வெட்டி, தன்னுடைய உருண்டை எழுத்தில் எழுதியிருந்தான்: ஆக்கள். வீடு எவ்வளவு தூரம். கதவு. வீடு யாருடையது. விருந்தாளி.

முதல் சீட்டுக்கு, கதவு தெரியாது, வீடு யாருடையது என்று தெரியாது. இரண்டாவதின் கீழே முழுக்கக் கோடு. மூன்றாவதில், கதவு திறந்திருக்கு, வீடு அவர்கள் இரண்டு பேருடையதும். நான்காவதில், தூரம் இல்லை, வீடு பார்க்கிறவருடையது, விருந்தாளி இல்லை.

ஐந்தாவது நிரல் ஒன்றும் இருந்தது. அதன் தலைப்பில் ‘களுதாவளை’ என்று எழுதியிருந்தான்.

ஆக்கள், மூன்று. தூரம், இல்லை. கதவு, திறந்திருக்கு. வீடு, கஜானியுடையது, பிறகு மகளுடையது. விருந்தாளி, ஒன்று.

அவள் மூன்று என்பதை எண்ணிப் பார்த்தாள். அம்மா, தான், மகள். இன்னொரு தரம் எண்ணினாள். அந்த மூன்றுக்குள் மதுரன் இல்லை. அவனுக்கு வேறொருத்தி இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், அண்ணன்மாரைக் கூப்பிட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அலுமாரியைத் திறந்தாள். நான்கு கதவு. ஒன்றில் சேலைகள், ஒன்றில் மகளின் உடுப்பு, ஒன்றில் பாத்திரமும் பழைய புத்தகமும், ஒன்றில் அம்மா இன்னும் எடுத்துப் போகாத சாமான்கள். மதுரனின் சேட் ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருடமாக அவனுடைய உடுப்பும் சவரச் சாமானும் அவன் தோளில் கொண்டுவரும் ஒரு பைக்குள்தான் வந்துபோயிருக்கின்றன. அலுமாரியில் அவன் ஒரு தட்டுக் கேட்டதில்லை. அவளும் கொடுத்ததில்லை. சுவரில் அப்பா வினாயகமூர்த்தியின் படம் மாலையோடு தொங்கியது. அதுகூட அப்பா செத்த பிறகுதான் சுவருக்கு வந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, எதையும் சொல்லாமல் பஸ் ஏறினாள். கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது கீழே வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசினார். அவள் கண் அங்கே இருந்ததே தவிர எதுவும் பதியவில்லை. மாலைதீவுக்குப் போனால் இவன் திரும்பி வரமாட்டான். இந்த ஒரு நினைப்புத்தான் வாழைச்சேனைவரை. திரும்பி வருவதற்கு அவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஹோட்டலுக்கு அவள் அதற்குமுன் வந்ததேயில்லை. காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்பக்கம் வேலையாட்களின் விடுதியைக் காட்டினார். மதுரன் சேர் கடற்கரைப் பக்கம் நிற்கிறார், ஆள் அனுப்புகிறேன், அறை திறந்துதான் இருக்கும், இருங்க தங்கச்சி என்றார்.

எட்டடிக்குப் பத்தடி அறை. கஜானி வாசலில் நின்றபடியே பார்த்தாள். சுவர் முழுக்க ஆணி. ஒன்றில் நாட்காட்டி, ஒன்றில் தொப்பி, ஒன்றில் அவனும் அவளும் கோயில் திருவிழாவில் எடுத்த படம். அந்தப் படத்தின் இன்னொரு பிரதி களுதாவளையில் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது. மகள் தாளில் கீறிக் கொடுத்த மீன் படங்கள் நான்கு, கண்ணாடித்தாள் போட்டு ஒட்டியிருந்தன. தட்டில் சேட்டுகள் நிறவாரியாக மடித்திருந்தன. யன்னலோரம் பால்மா டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. குறைந்த சம்பளத்துக்கு ஹோட்டல்காரன் கொடுத்த மூலையில் அவன் ஒரு முழு வீட்டை நடத்திக்கொண்டிருந்தான்.

மதுரன் ஓடிவந்தான். சேட் நனைந்திருந்தது.

“மாமிக்கு என்னவுமா? மகளுக்கா?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல.”

அவள் தாளை நீட்டினாள். அவன் அதை வாங்கி அவசரமாக மடித்தான். அது சும்மா பொழுதுபோகாமல் எழுதியது என்றான். மூன்று வருடமாக யோகா வகுப்புக்கு ஆட்களைக் கூட்டிவரும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் இருக்கிறார். அந்தச் சீட்டு எனக்குப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு ஒவ்வொரு முறையும் வேறொரு கட்டிலிருந்து அதையே கொண்டுவந்து தருவார். வீடு திரும்புகிற சீட்டு, குடிபுகுகிற சீட்டு என்று சொல்லுவார். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விளையாட்டாக எழுதினேன் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான்.

“விருந்தாளி ஒண்டு எண்டு எழுதியிரிக்கு,” என்றாள் கஜானி. “நான் உங்கள எப்பயாவது அப்பிடி நடத்தினனா?”

அவன் போய் யன்னலோரம் நின்றான்.

“நீ நல்லாத்தான் நடத்தின. விருந்தாளிய ஆரும் நல்லாத்தானே நடத்துவாங்க.”

அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தது. கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்தபடி அவன் மெல்ல மெல்லச் சொன்னான். இருபது வயதில் அக்காவுக்கு வீடு கட்டத் தொடங்கியது. அது முடிய கொக்கட்டிச்சோலையில் தங்கச்சிக்கு இன்னொன்று. இரண்டு வீட்டுக்கும் கல் சுமந்தான், நிலை வைத்தான், பால் காய்ச்சினான். மறுநாள் அவர்களைக் கட்டிய அளியன்மார் குடிவந்தார்கள், அவன் வெளியே வந்தான். பிறகு மாப்பிள்ளையாகக் களுதாவளைக்கு. இனி மகளுக்கு மேல்மாடி. அவள் கலியாணம் முடித்த அன்றைக்கு, மாமி இருக்கிற பின்வளவு அறைக்கு அவர்கள் இரண்டு பேரும் போவார்கள். இதில் யாருடைய பிழையும் இல்லை, நம்மட ஊர் வழக்கம் அது என்றான்.

பிறந்த வீட்டைவிட்டு ஒருநாளும் அசையாதவள் கஜானி. மழை எப்படிப் பெய்கிறதோ அப்படித்தான் அந்த வீடும் அவளுக்கு. அந்த வழக்கத்தில் ஆண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கணிதம் படிப்பிக்கிறவளுக்கு வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணத் தெரியாமல் போயிருக்கிறது.

“மாலைதீவுக்குப் போறிங்களா?”

“போ எண்டு சொன்னாப் போறன்.”

“நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

ஒன்பது வருடத்தில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. அவன் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைப்பதுபோல் காற்சட்டையில் துடைத்தான். வெளியே யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

“மேல்மாடிய நான் வேணாம் எண்டு சொல்லயில்ல. கட்டுவம்,” என்றான். “ஆனா அதுக்கு முதல், எங்கயாவது ஒரு துண்டு வளவில ரெண்டு அறை. மகளுக்குச் சீதனமா இல்ல. ஆருக்கும் இல்ல. உன்ட பேரும் என்ட பேரும் போட்டு, நாம சாகுமட்டும் இரிக்க ஒரு வீடு. அங்க என்னோட வந்து இரிப்பியா, கஜா?”