அக்கா வீட்டுப் பின்சுவர்

"இங்கதாம்மா நீங்க சொன்ன எடம்" என்று டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தியதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறந்து வளர்ந்த பேட்டை எனக்குத் தெரியாதா? பஸ் கண்டக்டராக இருந்து கத்திக் கத்தியே ஓய்வுபெற்றவள் நான். அவரையும் ஒரு பிடி பிடித்தேன். பாவம், மனிதர் மூலையிலிருந்த தெருப்பலகையைக் கையால் காட்டினார். தெரு சரிதான், அக்கா வீட்டுக்குப் பின்தெரு; அங்கே இறங்கி முனை சுற்றி நடப்பதுதான் என் வழக்கம். தெருவில்தான் வீடுகள் இல்லை.

நெடுகத் தகரம் அடித்திருந்தார்கள். ஒரு தகரம் விலகியிருந்த இடத்தில் தலையை நீட்டிப் பார்த்தேன். வீடுகள் இருந்த இடமெல்லாம் ஒரே பள்ளம். சாதாரணப் பள்ளமா? என் பஸ்ஸை உள்ளே இறக்கியிருந்தால் கூரைகூட வெளியே தெரிந்திருக்காது. அடியில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தக் கரையில், பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, பழைய சுவர் ஒன்று மட்டும் நெடுக நின்றுகொண்டிருந்தது. அதில் ஓரிடத்தில் பச்சைப் பெயின்ட், புகைபடிந்த ஒரு மாடக்குழி, துணி மாட்டுகிற ஆணி.

அது ஒரு சமையலறையின் சுவர். அந்தச் சமையலறையில் நான் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். அது நெட்டையின் வீடு. ஆள் ஓங்குதாங்காக இருப்பாள், அதனால் பேட்டை முழுக்க அவளுக்கு அந்தப் பேர்தான். அவள் சுவருக்கு மறுபக்கம் என் அக்காவின் சமையலறை.

எங்கள் பேட்டையில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. முன்தெரு வீட்டுக்கும் பின்தெரு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நெட்டையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் தெருமுனை வரை நடந்து சுற்றி வர வேண்டும். எந்தப் பொம்பளைக்கு அதற்கு நேரம்? அதனால் சுவரைத் தட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்ததும் இரண்டு தட்டு: 'இருக்கியா?' பதிலுக்கு இரண்டு தட்டு: 'இருக்கேன்.' பதில் வராவிட்டால் போட்டது போட்டபடி ஓடுவார்கள். எங்கள் அம்மா மயங்கி விழுந்த அன்று முதலில் வந்து நின்றவள் நெட்டைதான்.

"ஏம்மா, அங்க நிக்காதீங்க! மண்ணு சரியுது" என்று ஒரு காவலாளி ஓடிவந்தார்.

"இங்க இருந்தவங்கெல்லாம் எங்கய்யா?"

"எல்லாரும் எப்பவோ காலி பண்ணிட்டாங்க. அந்தச் சுவர் மட்டுந்தான் பாக்கி. அதுகிட்ட எவனும் போக மாட்டேங்கிறான்." குரலைத் தாழ்த்தினார். "பொழுது சாஞ்சா உள்ளேருந்து தட்டுதும்மா. பின்னாடி வீடுங்களும் காலிதானே? பேய்னு பயப்படுறானுங்க."

"பேயுமில்ல, பிசாசுமில்ல. அது எங்கக்கா."

மனிதரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "உள்ள ஆள் இருக்காங்களா? ஐயையோ! முட்டுக்கூடக் குடுக்காமத் தோண்டியிருக்காங்க. நேத்து மழையில அடிமண்ணு வேற பேந்துபோச்சு. ஓடுங்கம்மா, மொதல்ல அவங்கள வெளிய கூட்டிட்டு வாங்க!"

ஓடினேன். எங்கள் தெருவில் வீடுகள் அப்படியேதான் நின்றன. ஆனால் கதவுகளில் பலகை அறைந்திருந்தது. ஒரு ஜன்னலில்கூட ஆள் முகம் இல்லை. எந்நேரமும் ரேடியோ அலறும் சலூனின் நாற்காலி நடுத்தெருவில் கவிழ்ந்து கிடந்தது. என் செருப்புச் சத்தம் எனக்கே பின்னால் யாரோ வருவதுபோலக் கேட்டது. போனில் கேட்டால் "எல்லாரும் நல்லா இருக்காங்கடி" என்பாள் அக்கா. வாய் கூசாமல் பொய்.

அவள் முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி மகாராணி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"எந்திரி. கெளம்பு."

"வந்ததும் வராததுமா என்னடி? டீ போடறேன், உக்காரு."

"டீயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பின்னாடி பெரிய பள்ளம். வீடு விழப்போகுதுக்கா."

"பள்ளம் தோண்டுறது எனக்குத் தெரியாதா? நாள் பூரா காது கிழியுது." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நெட்டை வீட்டை விட்டுட்டுத்தான் தோண்டுவாங்க. கட்டடக் கம்பெனிக்காரனுக்கு அவ விக்கல. நானும் விக்கல. நான் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"அவ வீடே இல்லக்கா! வெறும் செவுரு நிக்குது. என் கண்ணால பாத்துட்டு வரேன்."

அக்கா சிரித்தாள். "ஒனக்கு எப்பவுமே எறும்பு யானையாத்தான் தெரியும். நேத்துகூட பதில் தட்டினாளே."

முட்டிவலியால் அவள் வாசற்படி தாண்டி மாதக்கணக்காகிவிட்டது. காய்கறி, மருந்து எல்லாம் போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். சுற்றிப்போய்ப் பார்த்திருக்க வழியே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து சமையலறைக்குப் போனாள். கரண்டியை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை. பிறகு சுவருக்குள்ளிருந்து, டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக்.

நானும் அந்தச் சுவரோடு வளர்ந்தவள்தானே. ஒரு கணம், 'அடடா, இருக்காளே!' என்று மனசு குளிர்ந்தேவிட்டது. பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கே இந்தக் கதி.

கேட்காமலேயே மூன்றாவதாக ஒன்று வந்தது. அப்புறம் சடசடவென்று. அடுப்புமேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. சுவரின் மேல்மூலையிலிருந்து ஒரு விரிசல் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

"செவுருதான்கா தட்டுது! அடியில மண்ணே இல்ல!"

"உளறாத. சொல்லாமக் கொள்ளாமப் போற ஆளில்ல அவ."

இழுத்துப் பார்த்தேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் பிடித்த பிடிதான். அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"சரிக்கா, நீ சொல்றதே சரி. அவ இருக்கா. அப்ப எதுக்கு இப்படி விடாமத் தட்டறா? விழுந்துகிழுந்து கெடக்கிறாளோ என்னமோ!"

அக்காவின் முகம் மாறியது. கரண்டியைப் போட்டாள். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். முட்டிவலி எங்கே போயிற்றோ, தெருமுனை வரை என்னை அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். "தண்ணி எடுத்துட்டு வந்திருக்கலாம்டி, தண்ணி எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

தகர இடைவெளிக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். அவள் பார்த்தாள். பச்சைப் பெயின்ட், மாடக்குழி, ஆணி. சுவரிலிருந்து டொக், டொக்கென்று இங்கேயும் கேட்டது. காவலாளி எங்களை இன்னும் பின்னால் தள்ளினார்.

"அந்த வீட்டம்மா எங்கப்பா?" அக்காவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஒசரமா இருப்பாங்களே, அவங்களா? மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரும்மா. போற அன்னிக்கு அந்தச் செவுத்தையே தட்டிட்டு நின்னாங்க. வண்டிக்காரன் ஹாரன் அடிச்சும் வரல. எதுக்கும்மா தட்டுறீங்கன்னு கேட்டேன். அழுதுட்டே போயிட்டாங்க. மறுநாளே வீட்டை இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அவர் சொல்லி முடிக்கவில்லை, சுவர் நடுவில் மடங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. பச்சைப் பெயின்ட் முதலில் போயிற்று. பின்னாலேயே அக்காவின் அடுப்பு, கூரை, முன்னறை, தையல் மிஷின் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்துக்குள் இறங்கின. புழுதி எழுந்து எங்களை மூடியது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அவள் வீட்டைப் பார்க்கவே இல்லை.

"கேட்டுச்சுடி" என்றாள். "அன்னிக்கு ரொம்ப நேரம் தட்டினா. சல்லடையைத் திருப்பிக் குடுக்கலன்னு வெட்டிச் சண்டை. தட்டட்டும்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். மறுநாள் மனசு கேக்காம நானே தட்டினேன். உடனே பதில் வந்துச்சு." என் கையை இறுக்கினாள். "அவ சமாதானமாயிட்டான்னு எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமாடி?"