மாத்திரை தெரிந்தவள்

மோனிகாவுக்குத் தெரியாத மாத்திரை உலகத்திலேயே கிடையாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், புதுவாயலில் அவள் தெருவும் அதை நம்பியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகப் பேக்கிங் வேலை, இப்போது லைன் லீடர் வேறு. யாருக்காவது காய்ச்சல், மூட்டுவலி என்றால் டாக்டர் சீட்டை முதலில் இவளிடம்தான் நீட்டுவார்கள். இவளும் கொஞ்சமும் கூசாமல், "இத்த துன்னாத, அத்த பாதி துன்னு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அந்த வாயை அப்போதே யாராவது அடக்கியிருக்கலாம். ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

தம்பி சாம்சனுக்கு அக்காவும் அவள்தான், அம்மாவும் அவள்தான். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள். அவளைக் கட்டினவன் இரண்டே வருஷத்தில் விட்டுப் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை. ஆகவே சாம்சனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை தனக்கே பிறக்கப்போகும் பிள்ளை என்பது அவள் கணக்கு. பெண்டாட்டி சுகிர்தா சுமந்து கொடுக்க வந்தவள், அவ்வளவுதான்.

அந்தச் சுகிர்தாவின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்று முதல் கர்ப்பப் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது. திருவள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். இவளும் பிறந்தபோதே தாயிடமிருந்து வாங்கியிருக்கலாம், இவள் ஈரலுக்கு இப்போது ஒன்றுமில்லை, ஆனால் கிருமி எக்கச்சக்கம், ஒரு மில்லி ரத்தத்தில் பன்னிரண்டு கோடி. பிரசவத்தில் பிள்ளைக்குப் போய்விடும். பிறந்த உடனே பிள்ளைக்கு இரண்டு ஊசி போடவேண்டும். அதற்கு முன்னால் கிருமியைக் குறைக்க இருபத்தெட்டாம் வாரத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது. முப்பத்து நாலாம் வாரம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்.

மாத்திரை டப்பா வீட்டுக்கு வந்தது. மோனிகா மூடியைத் திறந்தாள், ஒரே பார்வைதான்.

"அடிப்பாவி! இது எய்ட்ஸ் மாத்திரைடி! எங்க லைன்ல லாரி லாரியா ஓடுது."

"கார்டுல எய்ட்ஸ் இல்லன்னு எழுதிக்கீது, பாருங்க அண்ணி. ரெண்டு நோய்க்கும் இதே மாத்திரைதானாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மா புக்குல படிச்சவ, நான் கையில தொட்டவ. இது ஓடற ஹாலுக்குள்ள புள்ளத்தாச்சிய உள்ளயே வுடமாட்டான் சூப்பர்வைசரு. மாசமா கீறேன்னு சொன்னா மறுநாளே அட்டப்பொட்டி மடிக்க அனுப்பிருவான். ஏன்? வயித்துல கீற புள்ளைக்கு ஆவாது, அதான்."

"அதையும் அவங்ககிட்டயே வந்து கேளுங்களேன்."

"நான் போய்க் கேக்கணுமா? அவ வந்து எங்கிட்ட கேக்கட்டும்."

மோனிகா அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே, சுகிர்தா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, முப்பது மாத்திரையையும் சாக்கடையில் கொட்டினாள். அதே அளவு, அதே வெள்ளையில் சத்து மாத்திரையை மெடிக்கலில் தேடிப்பிடித்து டப்பாவை நிரப்பினாள். ஒன்பது வருஷம் வெள்ளை மாத்திரை பார்த்த கண்ணாயிற்றே, ஒரு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த மாத டப்பாவுக்கும் அதே கதி. என் தம்பி பிள்ளையை நான் காப்பாற்றிவிட்டேன் என்று இரண்டு தடவையும் இரவில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

தினம் எட்டு மணிக்குச் சுகிர்தாவின் போன் கூவும். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலண்டரில் ஒரு கோடு போடுவாள். மோனிகா சோற்றைப் பிசைந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். சுகிர்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று வைத்ததும் அவள்தான்.

"தட்டுல ஒட்டாது அண்ணி, ரத்தத்துலதான் போவும். ஊட்ல எல்லாரும் டெஸ்ட் பண்ணி ஊசி போட்டுக்கணும்னாங்க. இவரு போட்டுக்கினாரு. நீங்கதான் வரல."

"ஒன்னால எனுக்கு ஊசி வேறயா? நோயக் கொண்டாந்தவ நீ. பேசாம துன்னுட்டு எந்திரி."

சுகிர்தா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சாம்சன் போனையே பார்த்துக்கொண்டிருப்பான், வாயில்லாப் பூச்சி.

முப்பத்து நாலில் எடுத்த ரத்தத்துக்கு முப்பத்தாறாம் வாரம் ரிப்போர்ட் வாங்கும் நாள். மோனிகா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தானாகவே கூடக் கிளம்பினாள். தன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்றிதழ் தரப்போகிறார்கள் என்ற நினைப்பு. மூன்று பேரும் பெரியபாளையம் வழியாக பஸ் மாறி திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தரம் படித்தாள். முகம் கடுத்துவிட்டது.

"பன்னெண்டு கோடி இருந்துச்சு. இப்ப பதினோரு கோடி. ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா ஆறு வாரத்துல சில ஆயிரத்துக்கு வந்திருக்கும், மிஞ்சிப்போனா லட்சம். நீ சாப்பிடவே இல்ல. ஏம்மா பொய் சொல்லி இவ்வளவு நாள கெடுத்தே?"

"இல்ல மேடம்! ஒரு நாள்கூட வுடல. ஏசு மேல சத்தியம்." சுகிர்தாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"நெசமாவே முழுங்குனியா, இல்ல வாந்தி வருதுன்னு துப்புனியா?" என்றான் சாம்சன். இத்தனை நாள் வாய் திறக்காதவன் திறந்த அழகு இது!

மோனிகாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவே இல்லை. அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு கோடி குறைந்திருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பாத்தீங்களா மேடம்? ஒரு கோடி கொறஞ்சிருச்சு! மாத்திரையே இல்லாம! மொத டப்பால இருந்தே நான் மாத்தி வெச்சிட்டேன், அவ துன்னதெல்லாம் சத்து மாத்திரை. நாங்க அந்த லைன்லயே வேல பாக்கறவங்க, எங்ககிட்டயேவா!"

சாம்சன் அக்காவை அண்ணாந்து பார்த்தான். சுகிர்தா அவளைப் பார்க்கவே இல்லை, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கோடி கொறஞ்சதெல்லாம் ஒரு கணக்கே இல்லம்மா" என்றாள் டாக்டரம்மா. "மெஷின்லயே அந்த அளவு முன்ன பின்ன வரும். இவ்வளவு கிருமி இருந்தா, ஊசி போட்டும் பத்துப் புள்ளைங்கள்ல ஒண்ணுக்கு ஒட்டிக்கும். பச்சக் கொழந்தைக்கு ஒட்டுனா பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அந்த ஒண்ண தடுக்கத்தான் மாத்திர குடுத்தேன்."

"புள்ளத்தாச்சிய அந்த ஹாலுக்குள்ள வுடமாட்டாங்க மேடம். அதான்…"

"சத்து மாத்திரை ஓடுற ஹாலுக்குள்ள விடுவாங்களா?"

போன மாதம்தான், வைட்டமின் ஓடிய லைனிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மோனிகாவே அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பியிருந்தாள். எந்த மாத்திரை ஓடினாலும் அந்தத் தூசியில் கர்ப்பிணிகளை நிறுத்துவதில்லை. ஒன்பது வருஷமாகத் தெரிந்த சங்கதி.

"வுடமாட்டாங்க" என்றாள்.

"இன்னைக்கே ஆரம்பி" என்று டாக்டரம்மா சுகிர்தாவிடம் சீட்டை நீட்டினாள். "நாலு வாரம் இருக்கு. கெடச்ச வரைக்கும் கொறையட்டும். பொறந்ததும் ஊசி ரெண்டும் போட்டுருவோம்."

சுகிர்தா வரிசையில் நின்று டப்பா வாங்கி, அங்கேயே சீல் வைத்த மூடியை உடைத்து, குழாய்த் தண்ணீரில் ஒன்றை விழுங்கினாள். பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேருக்கும் முன்னால் நடந்தாள். மோனிகாவால்தான் தாங்க முடியவில்லை.

"சுகிர்தா, நான் கெட்டது நெனைக்கல. எம் புள்ளையா நெனச்சுத்தான் செஞ்சேன்."

"உம் புள்ளையா? சரி. ஒட்டிக்கிச்சுன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுக்கணும். கத்தும். நீதான் மடியில போட்டுப் புடிச்சுக்கணும். வெவரம் தெரிஞ்சதும் கேக்கும், 'எனுக்கு மட்டும் ஏன், அத்தே?'ன்னு. இன்னா சொல்லுவே?"

இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் சுகிர்தா அவளை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. மோனிகாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"ஒங்கம்மா ரத்தத்துல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. ஐயோ, இதையா சொன்னோம் என்று அவள் பதறுவதற்குள் சுகிர்தா தலையை ஆட்டினாள்.

"தெரியும். அதான் புள்ளைய ஒங் கண்ணுல காட்டப் போறதில்ல. நான் மீஞ்சூருக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

"டேய் சாம்சா, நீயாவது சொல்லுடா!"

மீஞ்சூருக்கு மாறிப்போக வேண்டிய செங்குன்றம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. சாம்சன் சுகிர்தாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினான். ஜன்னலோர சீட்டில் சுகிர்தா உட்கார்ந்ததையும், அவள் வயிற்றின் மேல் அந்த டப்பா இருந்ததையும் மோனிகா பார்த்தாள். பஸ் போய்விட்டது.