இடக்கைப் பொத்தான்

கிழக்கு முழுதாக வெளுப்பதற்குள் ரத்னா நூறு தகடுகளைத் தட்டி எடுத்திருந்தாள். ஆரம்பாக்கத்தில் இருட்டோடு ரயிலேறி வந்த உடம்பு இன்னும் சூடாகவில்லை. எண்ணெய் பூசிய தகடோ விரல்நுனியில் சில்லென்று வழுக்கிற்று. ஒவ்வொரு முறை இரும்பு இறங்கும்போதும் சிமெண்டுத் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு முழங்கால்வரை ஏறி இறங்கியது.

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸின் இருபுறமும் ஒவ்வொரு பொத்தான் உண்டு. இரண்டையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் இரும்பு இறங்க வேண்டும். அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்க வழியில்லை. ஆனால் முனிகிருஷ்ணனின் பட்டறையில் இடப்பக்கப் பொத்தான் எப்போதும் அழுந்தியே கிடக்கும். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையால் அதை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வலக்கை அழுத்தும், இடக்கை தகட்டை வைத்து எடுக்கும். மணிக்கு நானூறு என்பது இப்படித்தான் வரும். புதிதாக ஒருத்தி சேர்ந்தால், மூத்தவர்கள் அவளுக்கு முதலில் செய்யும் உபகாரம் அந்தப் பட்டையைக் கட்டித் தருவதே. வெளியார் வரும் நாளில் அவிழ்த்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் போனதும் மறுபடி கட்டுவார்கள்.

துர்காதேவியின் பொத்தானுக்குப் பட்டை கட்டியவள் ரத்னா.

மூன்று நாளைக்கு முன் துர்காதேவியின் இடக்கை உள்ளே இருக்கையில் இரும்பு இறங்கியது. இரண்டு விரல்கள் போயின. முதலாளியின் காரிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவளுடைய இயந்திரத்துக்கு நேற்று புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. தகடுகளை வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து இன்று பத்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். சரக்கின் தரத்தைப் பார்க்க அல்ல. பட்டறையின் சமூகப் பொறுப்பைப் பார்க்க. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த குடிநீர்க் கருவியும், சாலையோரம் நட்ட இருபது கன்றுகளும் படங்களாகச் சுவரில் வரிசையாக இருந்தன. அவற்றில் பொய் ஏதுமில்லை. கன்றுகள் உயிரோடுதான் இருந்தன.

ஏழரைக்கு முனிகிருஷ்ணன் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"குந்துக்கா."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இருவரும் வேறொரு பட்டறையில் பக்கத்துப் பக்கத்துப் பிரஸ்ஸில் இருந்தவர்கள். கடன் வாங்கி இரண்டு பழைய பிரஸ்களோடு அவர் தொழில் தொடங்கியபோது, "நம்ம கம்பெனிக்கா, நீ வா" என்று கூப்பிட்டார், அவளும் வந்தாள். அன்றிலிருந்து அவள் அவரை 'சார்' என்றாள். அவருக்கு அவள் சாதாரண நாளில் 'ரத்னா', காரியம் ஆக வேண்டிய நாளில் 'அக்கா'.

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. அதன்படி, துர்காதேவி தன் வீட்டுக் கிரைண்டரில் கையை விட்டுக்கொண்டாள் என்பதற்கு ரத்னா சாட்சி.

"கீழ ஒரு கையெழுத்து போடு."

"துர்கா ஊட்ல கிரைண்டரே இல்ல சார்."

"அத யாரு போயி பாக்கப் போறாங்க?"

"ஊட்ல அடிபட்டுதுன்னு எழுதிட்டா அதுக்கு இ.எஸ்.ஐ.ல பென்சன் வராது. இருவத்தி மூணு வயசு சார். இனி எந்த பிரஸ்லயும் அத சேக்க மாட்டாங்க."

"ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். வேல செய்யற எடத்துல அடிபட்டுதுன்னு எழுதுனா ஆர்டர் பூடும். ஆர்டர் பூட்டா மீதி பதினோரு பேரும் ஊட்ல குந்தணும். அது பரவால்லியா உனுக்கு?"

ரத்னா தாளை மறுபடி படித்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"விசாரணைன்னு வந்தா மொதல்ல இன்னா கேப்பான்? பட்டய கட்டனது யாருன்னு கேப்பான். யாருக்கா கட்டனது?"

"நான்தான்."

"அத்தான் சொல்றேன். உன்னையும் சேத்துதான் காப்பாத்திக்கினு இருக்கேன்."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு தாளைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"நீயும் பிரஸ்ல குந்தனவன்தான, முனி? போயி துர்கா மிஷின்ல குந்து. ரெண்டு பொத்தானயும் அமுக்கி ஒரு மணி நேரத்துல நானூறு எடு. எடுத்துட்டன்னா போடறேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப அதுக்கு நேரமில்ல. ஒம்போதுக்குள்ள போட்டுக் குடு."

எட்டரைக்கு நாஷ்டா நேரம். குழாயடியில் மற்றப் பத்துப் பேரும் தூக்குகளைத் திறந்தார்கள். ரத்னா திறக்கவில்லை. தாளில் இருந்ததைச் சொன்னாள். கட்டியது தான் என்பதையும் சொன்னாள்.

ஏஞ்சலின் கை கழுவினாள். "நான் சேந்தப்ப எனுக்கு கட்டி குடுத்ததும் நீதான்க்கா."

ரத்னா தலை குனிந்துகொண்டாள்.

"போன மாசம் அது அறுந்து போச்சு. அப்ப நானே கட்டிக்கினேன். அதுக்கு யார சாட்சி கூப்புடுவாராம்?"

"டியூபு யாருது?" என்றார் அன்புராஜ், இட்லியை மென்றுகொண்டே. "என் சைக்கிளுது. எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தவன் நானு. மொத குத்தவாளி நான்தான் ரத்னா. நீ லைன்ல பின்னால போயி நில்லு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ரத்னா நிமிர்ந்தாள்.

"வேல பூட்டா?" என்று கேட்டாள் சுகிர்தா. "எங்க ஊட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கறது."

"போனாலும் போவும்," என்றாள் ரத்னா. "போவாதுன்னு உனுக்கு நான் சொல்ல மாட்டேன்."

உற்பத்தித் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஏஞ்சலின் எழுதினாள். விபத்து நடந்த தேதி, மணி, இயந்திரத்தின் எண். பிறகு: 'எங்கள் பொத்தான்களை நாங்களே கட்டினோம். கட்டாமல் நானூறு வராது. நானூறு வராதவருக்கு மறுநாள் வேலை கிடையாது. துர்காதேவிக்கு இரண்டு விரல்கள் போனது இந்தப் பட்டறையில்தான்.'

வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். சுகிர்தா தாளை முழங்கால்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து முழுப் பெயரையும் எழுதினாள்.

ஒன்பதே முக்கால் ஆகியும் பிரஸ்கள் ஓடவில்லை. சத்தம் மறுபடி எழாததால் முனிகிருஷ்ணன் தாமாகவே வெளியே வந்தார். தாளை வாங்கி, நின்றபடி ஒருமுறையும் சுவரில் சாய்ந்தபடி ஒருமுறையும் படித்தார். பதினோரு பெயர்களுக்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கென ஒரு வெற்றுக் கோடு இருந்தது.

"இது யாருக்கு?"

"உனுக்கு," என்றாள் ரத்னா. "அடிபட்டத மொதலாளிதான இ.எஸ்.ஐ.க்கு எழுதி அனுப்பணும்."

"போடலன்னா?"

"வெறும் கோட்டோடயே வரவங்ககிட்ட குடுப்போம். யாரு எடம்னு அவுங்க கேட்டா சொல்லுவோம்."

"உங்க சோத்துல நீங்களே மண்ண வாரி போட்டுக்கறீங்க."

"அந்த சோத்துத் தட்ட துர்கா இப்ப எந்தக் கையால பிடிச்சிக்கினு தின்னுதுன்னு ஆஸ்பத்திரில போயி பாத்தியா நீ?"

அவர் தாளைக் கிழிக்கவுமில்லை, சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொடவுமில்லை. வாசலில் பெரிய கம்பெனியின் கார் இருமுறை ஒலித்தது.

ரத்னா அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் எத்தனை காலடிகள் வருகின்றன என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு அச்சமாயிருந்தது. வாசலை எட்டுமுன் யாரோ அவள் முழங்கையைப் பற்றினார்கள். சுகிர்தா. பிடி தளரவில்லை. அவளுக்கு அப்பால் அன்புராஜ், ஏஞ்சலின், பிறகு மற்றவர்கள், பதினோரு பேருமாக வாசலின் அகலத்தை அடைத்து நின்றார்கள்.

காரின் கதவு திறந்தது.