மாடத்திக்கு வந்த கல்

எங்கள் நிலாவுக்குத் துத்திக்குளம் என்று பெயர். குளம் எதுவும் கிடையாது. தலைக்கு மேலே, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பெரியூர் என்ற கோள் நிற்கிறது. அங்கே இருப்பவர்கள் எங்கள் மீது கல் எறிகிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கும். பெயருக்கு உரியவர் வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் பகை ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, என் அக்கா மாடத்தியின் கல் புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. எருமை அளவு இருக்குமாம். வியாழக்கிழமை மதியம் வந்து சேருமாம்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காற்று தயாரிக்கும் ஆலையில் கடப்பாரையால் குழாய் அடைப்பு எடுப்பது அவள் வேலை. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"வியாழக்கிழம முடியாதுல," என்றாள். "மாவு ஆட்டி வச்சிருக்கேன். புளிச்சிப் போவும்."

கல் அலுவலகத்துக்குப் போனோம். நடைவழி நீண்டுகொண்டே போனது. பாதி வழியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எழுந்தபோது அலுவலகக் கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எழுத்தர் ராஜாமணிக்குத் தலை இல்லை. போன வருடம் அவருடைய கல் வந்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்ததால் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். குரல் சட்டைப் பைக்குள்ளிருந்து வந்தது.

"கல்லத் திருப்பி அனுப்ப முடியாது," என்றார். "ஆள வேணா எடுத்துரலாம்."

"எதுல இருந்து சார்?"

"பதிவேட்டுல இருந்து. மாடத்தின்னு ஒரு ஆளே இல்லன்னு ஆயிட்டா, கல்லு தேடிப் பாத்துட்டுப் போயிரும்."

படிவத்தை நீட்டினார். இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் பிறக்கவே இல்லை என்று ரத்த உறவு உள்ள ஒருவர் எழுதித் தர வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இத நிரூபிக்கணும்லா," என்றார் ராஜாமணி. "கூடப் பொறந்தவளா இருந்தா அடிக்க மனசு வராது. மூணு அடி அடிங்க. மூஞ்சியில. படிவத்துல ரத்தம் படணும்."

முதல் அடி அடித்தேன்.

"இது தடவுறது. செல்லாது," என்றது சட்டைப் பை.

"நல்லா அடில பிச்சாண்டி," என்றாள் அக்கா. "சாருக்கு வேற வேல இருக்கும்லா."

அடுத்ததில் உதடு கிழிந்தது. அதற்கடுத்ததில் மூக்கு ஒரு பக்கமாகப் போனது. மூன்றாவதில் ஒரு பல் தெறித்துப் படிவத்தின் மேல் விழுந்தது. நான் இன்னொன்றும் அடித்தேன். யாரும் கேட்கவில்லை. கை தானாகப் போனது.

"மூணு போதும்," என்றார் ராஜாமணி. அந்தப் பல்லையே மையில் தோய்த்து முத்திரை குத்தினார்.

திரும்பும்போது அக்கா பத்தடி பின்னால் நடந்து வந்தாள். "இல்லாதவ கூட வந்தா உனக்குத்தான் வம்பு," என்றாள்.

வியாழக்கிழமை மதியம் கல் வந்தது. அவசரமில்லாமல் இறங்கித் தெருவின் முதல் வீட்டுக்குப் போனது. முதலில் சுவரை இடித்தது. பிறகு கேட்டது.

"மாடத்தி இருக்காளா?"

"அப்படி யாரும் இல்ல," என்றார் இசக்கிமுத்து, சுவருக்கு அடியிலிருந்து. அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது வீட்டில் வடிவு டீச்சரின் கால்கள் இரண்டும் போயின. தெரியாது என்று அவரும் சொன்னார். மூன்றாவது வீட்டில் பதில் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. கல் மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நகர்ந்தது.

நான்காவது எங்கள் வீடு. சுவர் விழுந்தது. மாவுச் சட்டி உடைந்தது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

"மாடத்தி இருக்காளா?"

"எனக்கு அக்காவே கெடையாது," என்றேன். "நான் ஒத்தப் பிள்ள."

குரல் நடுங்கவில்லை. அடிக்கும்போதாவது முதல் அடியில் கை தயங்கியது.

கல் ஐந்தாவது வீட்டின் பக்கம் திரும்பியது. அங்கே மூன்று குழந்தைகள். கத்துவது கேட்டது. அக்கா வெளியே வந்தாள்.

"ஏ கல்லே, இங்க வா. நான்தான் மாடத்தி."

கல் நின்றது. "சாட்சி யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். உதட்டில் காய்ந்த ரத்தம் இருந்தது. "சொல்லுல. சின்னப் பிள்ளைங்க இருக்கு அந்த வீட்டுல."

நான் கல்லைப் பார்த்தேன். எருமை என்று சொன்னது குறைவு.

"இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது," என்றேன்.

கல் நகர்ந்தது. அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓங்கி அடித்தாள். ஒரு சில்லு பெயர்ந்தது. இல்லாத ஒருத்தி அடிப்பதால் கல்லுக்குத் திருப்பி அடிக்கத் தெரியவில்லை. ஐந்தாவது வீட்டை நோக்கி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. அவள் ஒவ்வொரு அடிக்கும் தன் பெயரைச் சொன்னாள். மாடத்தி என்று சொல்லி அடித்தாள். மாடத்தி என்று சொல்லி மறுபடி அடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கடப்பாரையோடு ஒட்டிக்கொண்டது. அவள் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

கல் அந்த வீட்டுச் சுவரைத் தொட்டபோது தேங்காய் அளவுதான் இருந்தது. அதையும் உடைத்தாள்.

மூன்று குழந்தைகளும் முழுதாக வெளியே வந்தார்கள். அவர்களுடைய அம்மா அக்காவைக் கடந்து போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டாள். கல் தானாகவே உடைந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அக்கா சுவர் இருந்த இடம் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். நான் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"அக்கா," என்றேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.